கொக்கி உயரம் 78 சென்டிமீட்டர்: சேர்வராயன் மலைத் தோட்டம் ஒன்றில் மர டிரெய்லர் கழன்ற நிகழ்வு

பின்னணி

ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நின்ற சில்வர் ஓக் மரங்களில் முதிர்ந்தவற்றை அனுமதி பெற்று வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் பள்ளம். லாரி அங்கே இறங்காது. அங்கிருந்து தார்ச்சாலை ஓரத்துக் களம் வரை 1.4 கிலோமீட்டர் மண்பாதை. அதுவரை டிராக்டர், அதன்பின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போக லாரி என்பது ஏற்பாடு. பாரம் ஏறும் திசையில்தான் போகும். இறங்கும்போது டிரெய்லர் காலி.

டிராக்டர் வாடகைக்கு வந்தது. 45 எச்.பி., எடை 1,950 கிலோ, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2 மீட்டர். சமதளத்தில் முன் அச்சில் 780 கிலோ நிற்கும். டிரெய்லர் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், காலி எடை 1,500 கிலோ, பிரேக் கிடையாது. டிராக்டரின் கொக்கியில் மாட்டும் மூக்கு வளையத்திலிருந்து அச்சுக்கு 3.5 மீட்டர். இந்த டிரெய்லர் முன்பு வேறொரு பெரிய டிராக்டரோடு ஓடியது. அதனால் அதன் வளையம் தரையிலிருந்து 78 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காக, டிராக்டரின் பின்புறக் கொக்கித் தாங்கியை மேல் துளைகளுக்கு ஏற்றி மாட்டியிருந்தார்கள். இது நடந்தது வேலை தொடங்குவதற்கு முன்பே. யாரும் அதை ஒரு முடிவாகவே நினைக்கவில்லை.

முதல் வாரம்: முன்சக்கரம் தூக்கியது

கட்டைகள் 4 மீட்டர் நீளம். டிரெய்லரின் முன் பலகையை ஒட்டி அடுக்கினார்கள். ஒரு நடைக்குச் சுமார் 4.5 டன், டிரெய்லரோடு சேர்த்து 6 டன். பாதையில் மிகச் செங்குத்தான இடம் 30 மீட்டர் நீளம். பிறகு கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து அளந்தபோது அங்கே 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் இருந்தது.

அந்த இடத்தில் ஸ்டியரிங் "காற்றில் திருப்புவது போல" இருந்ததாக ஓட்டுநர் சொன்னார். இரண்டு முறை முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி விழுந்தன. அவர் மேஸ்திரியிடம் கேட்டது: "அண்ணா, முன்சக்கரம் தூக்குதுங்க. கட்டையைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடச் சொல்லுங்க." அப்படியே செய்தார்கள். கட்டைகள் 60 சென்டிமீட்டர் பின்னுக்குப் போயின. முன்சக்கரம் அமர்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த நான்கு நாள் அப்படியே ஓடியது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் ஆட்கள் குறைவு. நின்று யோசிக்கவும் நேரமில்லை.

கழன்ற காலை

தை மாதம், காலை எட்டு மணிக்கு முன். பாதையில் சில்வர் ஓக் சருகு, அதன் மேல் பனி ஈரம். ஏற்றத்தின் நடுவில் டிராக்டரின் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. ஓட்டுநர் கிளட்ச்சை அழுத்திப் பிரேக் பிடித்து நிறுத்தினார். பின்னால் நடந்து வந்த லோடுமேன் வழக்கம்போல் ஒரு கல்லை எடுத்து டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். டிராக்டர் ஒரு விரற்கடை பின்னால் வந்து, பாரம் கல்லின் மேல் சாய்ந்தது. ஓட்டுநர் மறுபடி முதல் கியரில் எடுத்தார். டிராக்டர் முன்னால் பாய்ந்தது, டிரெய்லர் வரவில்லை. வளையம் மேலெழும்பி, டிரெய்லர் வால்பக்கம் உட்கார்ந்தது. கல் உருண்டது. டிரெய்லர் 12 மீட்டர் பின்னால் ஓடி மண் திட்டில் முட்டிக் கட்டைகளைச் சரித்தது.

லோடுமேன் செடிப்பக்கம் குதித்ததால் உயிர் தப்பினார். கணுக்கால் எலும்பு முறிந்தது. ஏற்காட்டில் முதலுதவி செய்து சேலத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அவர் செய்தது தவறல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏற்றத்தில் நிற்கும் வண்டிக்குக் கல் வைப்பது அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலை.

பார்த்ததும் அளந்ததும்

வேலையை நிறுத்திவிட்டு, எதையும் துடைக்காமல் பார்த்தார்கள். பின் (கொக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வளையத்தை வைத்து, மேலிருந்து ஊடே செருகும் இரும்புக் குச்சி) பாதையிலேயே கிடந்தது, ஒடியாமல். 22 மி.மீ. சாதா இரும்பு, நடுவில் லேசாக வளைந்திருந்தது. வளையம் உரசும் இடத்தில் 3 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்து ஒரு பள்ளம். அடியில் கிளிப் போடத் துளை இருந்தது. அதில் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியின் அறுந்த முனை. கொக்கியின் மேல், கீழ்த் தகடுகளுக்கு நடுவே இடைவெளி 90 மி.மீ.; வளையத்தின் தடிமன் 32. அதாவது வளையம் மேலும் கீழுமாக 58 மி.மீ. ஆட இடம் இருந்தது. தகட்டுத் துளை 26 மி.மீ., பின் 22. வளையத்தின் உள்துளை நீள்வட்டமாகத் தேய்ந்து ஒரு பக்கம் 55, இன்னொரு பக்கம் 62 மி.மீ. இருந்தது. தாங்கியைப் பிடித்திருந்த நான்கு எம்16 போல்ட்டுகளில் இரண்டின் தலையில் வலிமை எண் எதுவும் இல்லை. பாதுகாப்புச் சங்கிலி இல்லை.

ஏன் கழன்றது

பின் பலவீனம், அதனால் கழன்றது என்று முடித்துவிட முதலில் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் பின் ஒடியவில்லை. மேலே ஏறி வெளியே வந்திருக்கிறது. எது அதை ஏற்றியது என்பதுதான் கேள்வி.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே வண்டிதான். நுகத்தடி இருக்கும் இடத்தில் வளையம். கணக்கும் சுலபம்: மொத்த எடையை, பாரத்தின் மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கி, வளையத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வளையம் கொக்கியை அழுத்தும் எடை கிடைக்கும்.

முதல் வாரத்தில் டிரெய்லரும் கட்டையும் சேர்ந்த பாரத்தின் மையம் அச்சுக்கு 35 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. 6,000 × 0.35 ÷ 3.5 = 600 கிலோ முன்பாரம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு; ஒற்றை அச்சு டிரெய்லருக்கு இது நல்ல அளவு. கட்டைகளை 60 சென்டிமீட்டர் தள்ளியதும், டிரெய்லரின் சொந்த எடை நகராததால் மொத்த மையம் 45 சென்டிமீட்டர் நகர்ந்து, அச்சுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் போனது. வளையம் கொக்கியை அழுத்துவதற்குப் பதிலாக 170 கிலோ விசையோடு அதை மேல்நோக்கித் தூக்க ஆரம்பித்தது. இது சமதளத்தில். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாயும். மொத்தப் பாரத்தின் மையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். 10-க்கு 1 சரிவில் டிராக்டர் பிரேக்கில் நிற்கும்போது மேல்நோக்கிய தூக்கல் சுமார் 295 கிலோ.

அதுவரையிலும் பின்னை ஒன்று காத்தது. டிரெய்லர் பின்னால் இழுக்கும் 600 கிலோ விசை பின்னைத் தகடுகளோடு இறுக்கிப் பிடித்திருந்தது. கல் வைத்து, பாரம் கல்லின் மேல் சாய்ந்ததும் அந்த இழுப்பு விட்டது. அதோடு, டிரெய்லரைப் பிடித்து நிறுத்தும் விசை கொக்கி உயரத்திலிருந்து தரைமட்டத்துக்கு இறங்கியதால் தூக்கல் 430 கிலோவை நெருங்கியது. இறுக்கம் இல்லை, தூக்கல் அதிகம். வளையம் தேய்ந்த பள்ளத்தின் மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டு பின்னையும் சேர்த்து மேலே தள்ளியது. கட்டுக்கம்பி அறுந்தது. பின் கீழ்த் தகட்டை விட்டு, மேல் தகட்டில் மட்டும் தொங்கியது. டிராக்டர் முன்னால் பாய்ந்தபோது மிச்சமும் உருவிக்கொண்டது.

பின்சக்கரம் வழுக்கியதற்கும் காரணம் இதுவே. முன்பாரத்தோடு ஏறியபோது டிராக்டரின் பின் அச்சில் சுமார் 2,300 கிலோ இருந்தது. பின்பாரம் டிராக்டரின் வாலைத் தூக்கியதால் அது 1,300-க்கு இறங்கிவிட்டது. பிடிமானம் ஏறக்குறைய பாதி. அதோடு ஈரச் சருகு.

சரி, கட்டைகளை ஏன் தள்ளினார்கள்? முன்சக்கரம் தூக்கியதால். அது ஏன் தூக்கியது? டிராக்டர் 6 டன்னை அந்த ஏற்றத்தில் இழுக்க, மண்பாதையின் உராய்வையும் சேர்த்துச் சுமார் 900 கிலோ விசை வேண்டும். இந்த விசை எவ்வளவு உயரத்தில் இழுக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் டிராக்டரை மல்லாத்தப் பார்க்கும். 78 சென்டிமீட்டரில் இழுத்தபோது இந்த ஒன்றே முன் அச்சிலிருந்து 350 கிலோவைக் கழித்தது. முன்பாரமும் ஏற்றத்தின் சாய்வும் சேர்ந்து 230 கிலோ. 780-இல் மிஞ்சியது 200 கிலோதான், டிராக்டர் எடையில் பத்து சதவீதம். திருப்புவதற்குக் குறைந்தது இருபது சதவீதமாவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதே பாரம், அதே ஏற்றம், கொக்கி மட்டும் 50 சென்டிமீட்டரில் என்றால் முன் அச்சில் 345 கிலோ மிஞ்சியிருக்கும்.

ஆக, கொக்கி உயரத்தில் இருந்த பிழை முன்சக்கரத்தில் தெரிந்தது. அதைப் பாரத்தைத் தள்ளிச் சரிசெய்யப் போய், பிழை கொக்கியில் போட்ட பின்னுக்கு வந்தது. தள்ளியபின் முன் அச்சில் எடை 200-இலிருந்து 430 கிலோவாக ஏறியதால், "சரியாகிவிட்டது" என்று ஓட்டுநர் உணர்ந்ததும் உண்மைதான். அந்த நிம்மதிதான் ஆளை ஏமாற்றியது.

எந்தக் கொக்கி: பார்த்த வழிகள்

கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசல் டிராபார் (பக்கவாட்டில் ஆடும் இழுவைச் சட்டம்) முதல் யோசனை. மிகத் தாழ்வானது, அதனால் மல்லாத்தும் அபாயம் மிகக் குறைவு. கலப்பை, வட்டு போன்றவற்றை இழுக்க நல்லது. ஆனால் அதை வெளியே இழுத்து நீட்டும் அளவுக்கு அது தாங்கும் செங்குத்துச் சுமை குறையும். முன்பாரம் 500 கிலோவைத் தாண்டும் ஒற்றை அச்சு டிரெய்லருக்கு அது போதுமா என்பதை அந்த டிராக்டரின் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே போதவில்லை. பாதையில் துருத்திய பாறைகளில் இடிக்கும் என்பது இன்னொரு காரணம்.

கலப்பை மாட்டித் தூக்கும் மும்முனை இணைப்பின் கீழ்க் கைகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி போட்டு அதில் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். இதை உடனே தள்ளினார்கள். ஹைட்ராலிக் லிவரைத் தொட்டால் கொக்கியின் உயரம் மாறும். பக்கவாட்டில் ஆடும். பாரம் ஏற்றி மேலே தூக்கிவிட்டால் இழுக்கும் புள்ளி பின் அச்சுக்கு மேலே போய்விடும். அந்த நிலையில் டிராக்டர் மல்லாந்தால் ஓட்டுநருக்கு இறங்க நேரம் இருக்காது.

இருக்கையிலிருந்தே மாட்டும் தானியங்கிக் கொக்கி நல்ல கருவி. தாழ்வானது, அதிக முன்பாரத்தைத் தாங்கும், மேலே பூட்டு இருப்பதால் வளையம் எழும்பாது. ஆனால் அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் தரும் தாங்கி கிடைக்கவில்லை. பட்டறையில் தகடு வெட்டி வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கியர்பெட்டி உடலில் மாட்டும் தாங்கியை வெல்டிங்கில் உருவாக்குவதை இந்தப் பாரத்துக்கு ஏற்க முடியாது.

நான்கு சக்கர டிரெய்லர் பற்றியும் பேசினார்கள். அதில் முன்பாரமே கொக்கிக்கு வராது. அதனாலேயே ஏற்றத்தில் டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் கூடுதல் பிடிமானமும் வராது. குறுகிய பாதையில் பின்னால் எடுப்பதும் கடினம்.

முடிவு: இருக்கும் நிலையான தாங்கியையே கீழ்த் துளைகளுக்கு இறக்குவது, இழுக்கும் புள்ளி 50 சென்டிமீட்டர். கையேட்டில் அந்த நிலைக்குக் குறித்த செங்குத்துச் சுமைக்குள் 500 கிலோ அடங்கியது. டிரெய்லர் மூக்கு கவிழாமல் இருக்க, டிராக்டரின் கொக்கியை உயர்த்தாமல் டிரெய்லரின் வளையத்தைத் தாழ்த்துவது. முன்பு செய்ததற்கு இது நேர் எதிர்.

செய்த வேலைகள்

வளையம், பின் வேலையைச் சேலத்து லேத் பட்டறை ஒன்றில் கொடுத்தார்கள். டிரெய்லரின் மூக்கில் பல துளை கொண்ட போல்ட் தகடு வைத்து, 50 மி.மீ. துளையும் 30 மி.மீ. தடிமனும் உள்ள புதிய வளையம் மாட்டினார்கள். வளையம் தன் அச்சில் சுழலும் வகை. அதன் பின்பக்கம் காசில் நட்டு (பள்ளம் வெட்டிய நட்டு), அது கழலாமல் இருக்க ஊடே போடும் காட்டர் பின். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது டிரெய்லரின் முறுக்கு கொக்கித் தகட்டுக்குப் போகாமல் வளையத்திலேயே கழியும்.

கொக்கியின் புதிய பின் 30 மி.மீ., சாதா இரும்பை விட வலுவான ஈஎன் 8 எஃகு. தகட்டுத் துளை 31. கொக்கித் தகடுகளுக்கு நடுவே இடைவெளியைத் தடித்த வாஷர்களால் 60 மி.மீ.க்குக் குறைத்தார்கள். இடைவெளி அகலமானால் பின் வெட்டுப்படுவதை விட வளைவதுதான் முதலில் நடக்கும். பழைய பின் அதற்குச் சாட்சி. அடியில், பின் மேலே ஏறாமல் தடுக்கும் ஆர்-கிளிப் (R வடிவக் கம்பிக் கிளிப்). மாட்டுவண்டியில் கடையாணி செய்யும் வேலை இது. கிளிப் தொலையாமல் சிறு சங்கிலியால் தாங்கியோடு கட்டினார்கள். நான்கு போல்ட்டுகளும் 8.8 வலிமை, டார்க் ஸ்பேனரால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) 200 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கியவை.

இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள், 10 மி.மீ., கிரேடு 80, ஒவ்வொன்றின் பணிச்சுமை 3.15 டன். டிரெய்லர் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டி, டிராக்டர் உடலில் கொக்கியோடு சம்பந்தமில்லாத இடத்தில் பூட்டினார்கள். பின்னிலேயே சங்கிலியையும் மாட்டினால் பின் போகும்போது சங்கிலியும் போய்விடும்.

பாரம் 3.5 டன்னாகக் குறைந்தது. கட்டை நீளம் 3 மீட்டர். முன் பலகையை ஒட்டி அடுக்கினால் முன்பாரம் அளவு மீறும் என்பதால், பலகைக்கு 50 சென்டிமீட்டர் பின்னால் ஒரு தடுப்புக் கம்பி போட்டு அதிலிருந்து அடுக்கினார்கள். டிராக்டர் முன்னால் 20 கிலோ எடைக்கட்டிகள் ஆறு. கணக்குப்படி ஏற்றத்தில் முன் அச்சில் 550 கிலோ மிஞ்சும்.

கணக்கை நம்பி மட்டும் விடவில்லை. முன்பாரத்தை நேரில் நிறுத்தார்கள். காப்பி மூட்டை நிறுக்கும் 300 கிலோ மேடைத் தராசு தோட்டத்தில் இருந்தது. ஒரு கனமான மரச்சட்டத்தின் ஒரு முனையைத் தராசிலும் மறு முனையைச் செங்கல் அடுக்கிலும் சமமட்டமாக வைத்து, வளையத்தைச் சட்டத்தின் நடுவில் இறக்கினால் தராசு பாதியைத்தான் காட்டும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வளையம் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தின் பங்கைக் கழித்தபின் தராசு 240 காட்டியது. முன்பாரம் 480 கிலோ.

பிறகு

அடுத்த ஆறு வாரத்தில் மீதி மரம் முழுவதும் ஏறியது. முன்சக்கரம் எழும்பவில்லை. பாரம் குறைந்ததால் நடைகள் கூடின, டீசலும் கூடியது. தோட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

எல்லாம் சுமுகமாகவும் இல்லை. முதல் நாள் மாலையே தாங்கி போல்ட்டுகள் கால் சுற்று இறங்கின. பழைய பெயின்ட் அழுந்தியதால் வந்த தளர்வு அது. மறுபடி முறுக்கியபின் தளரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை ஆர்-கிளிப் போடாமலே டிரெய்லர் கிளம்பத் தயாராக இருந்தது. சங்கிலியில் தொங்கிய கிளிப்பை லோடுமேன் ஒருவர் பார்த்துச் சொன்னார். அதற்குப்பின், கிளிப்பைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது ஓட்டுநரல்லாத இன்னொருவரின் வேலை என்று மாற்றினார்கள். கடைசியில் புதிய பின்னை அளந்தபோது தேய்மானம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

காயம்பட்டவருக்குக் கட்டுப் பிரித்து நடக்க இரண்டு மாதம் ஆனது. அந்த நாட்களுக்குக் கூலி கொடுத்தார்கள்.

இன்னொரு முறை என்றால்

டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும். இங்கே பாரம் ஏறும் திசையில் மட்டும் போனதால் இல்லாமல் சமாளித்தார்கள். பாரத்தோடு இறங்க வேண்டிய பாதையாக இருந்தால், மேலே சொன்ன எந்தக் கொக்கியும் போதாது. அங்கே டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். டிராக்டரின் பின்சக்கரப் பிரேக் மட்டும் அதைத் தாங்காது. பிரேக் உள்ள டிரெய்லர் வரும்வரை அப்படிப்பட்ட நடையை எடுக்கக் கூடாது.

வாடகைக்கு வரும் டிராக்டரையும் டிரெய்லரையும் முதன்முதலில் இணைக்கும் அன்று, பாரம் ஏற்றும் முன்பே ஐந்து அளவை எழுதி வைத்திருக்க வேண்டும்: கொக்கி உயரம், பின்னின் விட்டம், தகடுகளின் இடைவெளி, வளையத் துளையின் தேய்மானம், பாதையின் அதிகபட்சச் சரிவு. டேப், வெர்னியர் (மில்லிமீட்டருக்கும் நுட்பமாக அளக்கும் கருவி), தண்ணீர்க் குழாய் மூன்றும் இருந்தால் அரை மணி நேர வேலை.

கல்லுக்குப் பதில், சக்கரத்தின் வளைவுக்குப் பொருந்தும் ஆப்புக்கட்டை இரண்டைக் கைப்பிடிக் கயிற்றோடு டிரெய்லரிலேயே தொங்கவிட வேண்டும். கயிறு இருந்தால், வைப்பவர் டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்றே தள்ளி வைக்கலாம்.

முன்சக்கரம் லேசாகிறது என்று ஓட்டுநர் சொன்னால், அந்த நடையை அங்கேயே நிறுத்திப் பாரத்தைக் குறைக்க வேண்டும். அடுக்கிய கட்டையைப் பின்னால் தள்ளும் அதிகாரம் மேஸ்திரிக்கோ ஓட்டுநருக்கோ இருக்கக் கூடாது; தடுப்புக் கம்பியை நகர்த்த வேண்டுமானால் முன்பாரத்தை மறுபடி தராசில் நிறுத்தபின்தான்.